மீட்டர்ல பிரேக் லைட் எரியுதா, பேட் சீக்கிரமே தேயுதா? ஏற்காடு ஏறி இறங்குற ஸ்போர்ட்ஸ் காருக்கு முழு வழிகாட்டி

வாரத்துக்கு ஒரு தடவையாவது ஏற்காடு ரோட்டுல ஏறி இறங்குற ஆளு நான், அம்மா வீடு மேல, வேலை சேலத்துல. வண்டி ரெண்டு டோர் கூப்பே, பின்சக்கர டிரைவ், ஆட்டோமேட்டிக், செகண்ட்ஸ்ல வாங்கினது. பிரேக் பேட் (சக்கரத்தோட சுத்துற டிஸ்க்ங்கற இரும்புத் தட்டை அழுத்திப் பிடிக்கிற கட்டை) புதுசா போட்டு 11,000 கி.மீ. ஓடுறதுக்குள்ள பின்னாடி தேய்ஞ்சு போய் மீட்டர்ல மஞ்சள் லைட் வந்துருச்சு. கொண்டு போய் காட்டின இடத்துல "மலை ஏறி இறங்குனா இப்படித்தான் சார், அதுவும் ஸ்போர்ட்ஸ் கார் வேற"ன்னு சொல்லி புது பேட் மாட்டி அனுப்பிட்டாங்க. சரின்னு நம்பி காசு கட்டிட்டு வந்தேன், அடுத்த 8,000 கி.மீ.ல திரும்ப அதே லைட்.

ரெண்டாவது தடவை கழட்டின பழைய பேடை தூக்கிப் போட விடாம கையில வாங்கிப் பார்த்தேன். ஒரே சக்கரத்துல இருந்த ரெண்டு பேட், பிஸ்டன் (பேடைத் தள்ளுற உருளை) பக்கம் இருந்தது 2 மி.மீ. கூட இல்ல, வெளிப்பக்கம் இருந்தது 7 மி.மீ. அப்படியே இருக்கு. மலை தான் காரணம்னா ரெண்டும் ஒண்ணா தானே தேயணும்? அன்னைக்கு புரிஞ்ச விஷயம் தான் இந்த முழு பதிவும்: லைட் "தேய்ஞ்சிருக்கு"ன்னு மட்டும் தான் சொல்லும், ஏன் தேய்ஞ்சுதுன்னு அந்த பழைய பேட் சொல்லும். அதைப் பார்க்காம புதுசு மாட்டினா அதே செலவு திரும்ப வரும்.

முதல்ல எந்த லைட்னு சரியா பாருங்க

"பிரேக் லைட் எரியுது"ன்னு எல்லாரும் பொதுவா சொல்லிடறாங்க, ஆனா அது நாலஞ்சு லைட், ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் வேற. வட்டத்தோட ரெண்டு பக்கமும் உடைஞ்ச கோடு மாதிரி வளைவு இருந்தா அது பேட் தேய்மானம், பெரும்பாலும் மஞ்சளா வரும், பதறாம மெதுவா வீட்டுக்கு ஓட்டிட்டுப் போகலாம், ஆனா அந்த லைட்டோட மலை இறங்காதீங்க. வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி போட்டு சிவப்பா எரிஞ்சா ஹேண்ட்பிரேக் முழுசா விடல, இல்லன்னா பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கு, இல்லன்னா பிரேக் லைன்லயே கோளாறு. ஹேண்ட்பிரேக் விட்டும் எரியுதுன்னா ஓரம் கட்டி நிறுத்துங்க, அவ்வளவு தான், அதுல யோசிக்கவே வேணாம்.

ஏபிஎஸ்னு மஞ்சளா தனியா எரிஞ்சா சாதா பிரேக் வேலை செய்யும், சக்கரம் லாக் ஆகாம காப்பாத்துற வசதி மட்டும் இருக்காது. ஆனா ஏபிஎஸ்ஸும் சிவப்பு பிரேக் லைட்டும் சேர்ந்து எரிஞ்சா முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக்கை பிரிச்சுக் கொடுக்குற வேலையும் நின்னு போயிருக்கும், அழுத்தி பிரேக் பிடிச்சா பின்னாடி முதல்ல வழுக்கலாம், அதுக்கு மேல ஓட்டாம டோ வண்டி கூப்பிடுங்க. வழுக்குற கார் படம் போட்ட லைட் வளைவுல மட்டும் மின்னி மின்னி அணைஞ்சா அது கோளாறு இல்ல, வேலை செய்யுதுன்னு அர்த்தம். விடாம எரிஞ்சா தான் அது ஆஃப்ல இருக்கு இல்ல பழுது. இந்த மின்னுற லைட்டை ஞாபகம் வச்சுக்கோங்க, பேட் தேய்மானத்துக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு, பின்னாடி சொல்றேன்.

பேட் லைட் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா பாதி குழப்பம் தீர்ந்துரும். பேடுக்குள்ள ஒரு சின்ன சென்சார் சொருகி இருக்கும், உள்ள வயர். பேட் தேய்ஞ்சு அந்த ஆழத்துக்கு வந்ததும் டிஸ்க் அந்த வயரையும் சேர்த்து தேய்ச்சு அறுத்துடும், சர்க்யூட் உடைஞ்சா லைட். பெரும்பாலும் பேட்ல ஏறக்குறைய 3 மி.மீ. மிச்சம் இருக்கறப்ப இது நடக்கும், புது பேட்ல 10லிருந்து 12 மி.மீ. வரைக்கும் இருக்கும். போர்ஷேல நாலு சக்கரத்துலயும் சென்சார் இருக்கு. பிஎம்டபிள்யூல பல மாடல்ல முன்னாடி இடது பக்கம் ஒண்ணு, பின்னாடி வலது பக்கம் ஒண்ணு, மொத்தமே ரெண்டு தான். அப்போ முன்னாடி வலது பக்கம் காலிப்பர் (பேடையும் பிஸ்டனையும் தாங்குற கவ்வி) பிடிச்சுக்கிட்டு பேட் தேய்ஞ்சு இரும்புல இரும்பு உரசினாலும் மீட்டர்ல ஒண்ணும் வராது. லைட் வரலன்னா நல்லா இருக்குன்னு நினைக்காதீங்க, அந்த வண்டியில மத்த ரெண்டு சக்கரத்தை கண்ணால தான் பார்க்கணும்.

இன்னொண்ணு, பேட் நல்லா இருந்தும் லைட் வரலாம். நம்ம ஊர்ல எலி கடிச்சு வயர் போறது சாதாரணம், அதே மாதிரி சென்சார் வயரை கிளிப்ல சரியா மாட்டாம விட்டா டயர்லயோ டிஸ்க்லயோ உரசி அறுந்துடும். பழைய ஒரே வளைய சென்சாரை மல்டிமீட்டர்ல வச்சா பீப் அடிக்கணும், அடிக்கலன்னா வயர் போச்சு. புது வண்டிகள்ல ரெண்டு கட்ட சென்சார் வருது, அதுல ரெசிஸ்டன்ஸ் காட்டும், பீப்பை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. சில இடத்துல லைட்டை அணைக்க ரெண்டு வயரையும் முறுக்கி ஒட்டி விட்டுடறாங்க, தயவு செஞ்சு அதுக்கு ஒத்துக்காதீங்க, செகண்ட்ஸ்ல வாங்குறவங்க அந்த வயரை ஒரு தடவை குனிஞ்சு பார்த்துட்டு வாங்குங்க.

ரெண்டாவது, பானெட்டைத் திறந்து ஆயில் அளவு

பேட் தேயத் தேய பிஸ்டன் வெளிய வரும், அந்த இடத்தை ஆயில் போய் நிரப்பும், அதனால டப்பால அளவு மெல்ல இறங்குறது இயற்கை. மினிமம் கோட்டு பக்கம் வந்துருச்சுன்னு உடனே ஊத்தாதீங்க. முதல்ல பேடைப் பாருங்க. தேய்ஞ்ச பேடோட ஃபுல்லா ஊத்தி வச்சீங்கன்னா புது பேட் போடறப்ப பிஸ்டனை உள்ள தள்ளும்போது பொங்கி வழியும், பிரேக் ஆயில் பெயின்ட்டை உரிச்சுடும். பேட் நல்லா இருந்தும் அளவு திடீர்னு குறைஞ்சிருந்தா அது லீக், வண்டியை எடுக்காதீங்க.

ஆயிலோட வயசும் முக்கியம். டாட் 4 ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும், புதுசா இருக்கறப்ப குறைஞ்சது 230 டிகிரில தான் கொதிக்கணும்னு கணக்கு, ஈரம் ஏறினதுக்கு அப்புறம் அந்த கணக்கு 155 டிகிரிக்கு இறங்கிடும். ஏற்காட்டுல மழைக்காலம் பூரா பனியும் ஈரமும் தான், அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் மாத்துங்க. டாட் 5.1 இன்னும் சூடு தாங்கும், வண்டி மேனுவல்ல அனுமதி இருந்தா போடலாம். ஆனா டாட் 5ன்னு தனியா ஒண்ணு இருக்கு, அது சிலிகான், பேர் ஒரே மாதிரி இருக்குன்னு அதை ஊத்திடாதீங்க.

மூணாவது, சக்கரத்தைக் கழட்டி பேடைப் படிக்கிறது

இது தான் முக்கியமான வேலை, நேரம் எடுத்து செய்யுங்க. சமதரையில நிறுத்தி, தூக்காத சக்கரத்துக்கு முன்னாடியும் பின்னாடியும் கல் வச்சு, போல்ட்டை தரையில இருக்கும்போதே லேசா லூஸ் பண்ணிட்டு அப்புறம் ஜாக்கி போடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி கை விடாதீங்க, ஸ்டாண்டு வையுங்க. பின்சக்கரம்னா ஹேண்ட்பிரேக்கை விட்டுட்டு, கியரையும் நியூட்ரல்ல வச்சு, சக்கரத்தை கையால சுத்திப் பாருங்க. லேசா உரசுற சத்தம் வந்தா பரவால்ல, சுத்தி விட்டதும் முறுக்கிப் பிடிச்ச மாதிரி நின்னா ஏதோ விடலைன்னு அர்த்தம்.

பேடை வெளிய எடுத்ததும் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம்னு மார்க்கர்ல எழுதிடுங்க, கலந்துட்டா எல்லாம் போச்சு. பின்னாடி இருக்குற இரும்புத் தகட்டை விட்டுட்டு மேல ஒட்டியிருக்குற சமாச்சாரத்தை மட்டும் ஸ்கேல் வச்சு அளங்க, ரெண்டு ஓரத்துலயும் தனித்தனியா.

பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் இருக்குற காலிப்பர்ல உள்பக்கம் மட்டும் ரொம்ப தேய்ஞ்சு வெளிப்பக்கம் தடிமனா இருந்தா பெரும்பாலும் ஸ்லைடு பின் இறுகியிருக்கும், இல்லன்னா பிஸ்டன் திரும்ப உள்ள போகல. அந்த காலிப்பர் ரெண்டு பின் மேல முன்னும் பின்னும் நகர்ந்தா தான் வெளிப்பக்க பேட் டிஸ்க்கை அழுத்தும், விடும். என் வண்டியில இது தான். எங்க மெக்கானிக் அண்ணன் பின்னை இழுக்கப் பார்த்தாரு, வரல, முறுக்கி முறுக்கி இழுத்தாரு, கடைசியில வந்தப்ப அதுல இருந்த கிரீஸ் ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி கருப்பா இறுகி, நடுவுல துரு வளையம். "தம்பி, ரப்பர் பூட்டு கிழிஞ்சிருக்கு பாரு, மேல நிறுத்துறப்ப பனி உள்ள போயிருக்கு"ன்னு விரலை விட்டு காட்டினாரு. அந்த ரப்பர் பூட்டும் (பின்னை மூடியிருக்குற ரப்பர் உறை) பின்னும் ரெண்டு செட் பேடோட விலையில சின்ன பங்கு தான். அதை யாரும் பார்க்காததால நான் ரெண்டு செட்டும் வாங்கினேன்.

ஒரே பேட்ல ஒரு ஓரம் தடிமனா, ஒரு ஓரம் மெல்லிசா சாய்வா தேய்ஞ்சிருந்தா ரெண்டு பின்ல ஒண்ணு மட்டும் இறுகல், இல்லன்னா பேட் உட்கார்ற காடியில துரு. ஒரு சக்கரத்துல ரெண்டு பேடும் தேய்ஞ்சு எதிர் சக்கரத்துல நல்லா இருந்தா அந்த பக்கம் பிரேக் ஆயில் வர்ற ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள்ள ஊதி ஆயிலை திரும்ப விடாம பிடிச்சிருக்கலாம், இல்ல பிஸ்டன் இறுகியிருக்கலாம். சக்கரத்தைத் தூக்கி வச்சு, ஒருத்தர் பிரேக்கை மிதிச்சு விட்டதும் சுத்திப் பாருங்க, இறுகி நின்னா காலிப்பர்ல பிளீடிங் நிப்பிளை (ஆயிலை வெளிய விடுற திருகு) கொஞ்சம் திறங்க, ஆயில் பீய்ச்சி அடிச்சு சக்கரம் உடனே ஃப்ரீ ஆச்சுன்னா ஹோஸ் மேல சந்தேகம் பலமாகும்.

பின்னாடி ரெண்டு பக்கமும் ஒரே அளவா, ஆனா முன்னாடியை விட வேகமா தேயுதா? பழைய வண்டியில முன்பேட் தான் முதல்ல போகும், அதனால இது விசித்திரமா தெரியும். இங்க தான் அந்த மின்னுற லைட். வளைவுல பின்சக்கரம் பிடி இல்லாம கொஞ்சம் வழுக்கிச் சுத்தினாலே வண்டி தானாவே அந்த சக்கரத்துக்கு பிரேக் போடுது, நீங்க பெடலைத் தொடவே இல்லன்னாலும். போர்ஷேல டார்க் வெக்டரிங் இருக்குற வண்டி வளைவுக்குள்ள நுழையறப்ப உள்பக்க பின்சக்கரத்தை லேசா பிடிக்கும், ஃபோக்ஸ்வேகன்ல எக்ஸ்டிஎஸ்ங்கற வசதி உள்பக்க முன்சக்கரத்தைப் பிடிக்கும். ஏற்காடு ரோட்டுல 20 கொண்டை ஊசி வளைவு, ஏறி இறங்குனா 40 திருப்பம், ஒவ்வொண்ணுலயும் வளைவு பாதியிலயே ஆக்ஸிலரேட்டரை அழுத்தினா லைட் மின்னும், ஒவ்வொரு மின்னலுக்கும் கொஞ்சம் பேட் போகுது. ஸ்டியரிங் நேரானதுக்கு அப்புறம் அழுத்துங்க. அந்த சிஸ்டத்தை ஆஃப் பண்ணி ஓட்டலாம்னு மட்டும் யாரும் யோசிக்காதீங்க, அந்த ரோட்டுல ஒரு பக்கம் பள்ளம்.

நாலு சக்கரமும் ஒரே சீரா தேய்ஞ்சிருந்தா வண்டியில குறை இல்ல, இறக்குற முறையில தான் இருக்கு.

பெரிய வண்டிகள்ல ரெண்டு பக்கமும் பிஸ்டன் இருக்குற காலிப்பர் வரும், அதுல ஸ்லைடு பின் கிடையாது. அங்க பேடைப் பிடிச்சிருக்குற குறுக்கு பின்லயும் பேட் ஓரத்துலயும் பிரேக் தூசி கட்டி இறுகும், சுத்தம் பண்ணினாலே பாதி சரியாகும்.

அப்படியே டிஸ்க்கையும் பாருங்க. குறைஞ்சபட்ச தடிமன் டிஸ்க் மேலயே மி.மீ.ல அடிச்சிருக்கும், மைக்ரோமீட்டர் வச்சு அளந்து அதுக்கு கீழ போயிருந்தா மாத்தியே ஆகணும். நீலம் பாய்ஞ்சிருந்தா அதிக சூடு கண்டிருக்கு. நகம் தடுக்குற அளவு கோடு இருந்தா புது பேடும் அந்த கோட்டுலயே தேயும்.

நாலாவது, மாட்டுறது

ஒரு ஆக்ஸில்ல, அதாவது முன்னாடின்னா முன்னாடி, பின்னாடின்னா பின்னாடி, ரெண்டு பக்கமும் சேர்த்து தான் மாத்தணும், ஒரு பக்கம் மட்டும்னு போகாதீங்க. பிஸ்டனை உள்ள தள்ளுறதுக்கு முன்னாடி எலக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் வண்டியா பாருங்க, அப்படின்னா ஸ்கேனர்லயோ மேனுவல்ல சொன்ன மாதிரியோ சர்வீஸ் மோடுக்குக் கொண்டு போய்த் தான் தொடணும், பலமா அழுத்தினா மோட்டார் உடையும், பெரிய செலவு. காலிப்பரை ஹோஸ்ல தொங்க விடாதீங்க, கம்பி போட்டு சஸ்பென்ஷன் ஸ்பிரிங்ல கட்டி வையுங்க.

ஸ்லைடு பின்னை துடைச்சு எடுத்து, குழி விழுந்திருந்தா மாத்தி, ரப்பரைக் கெடுக்காத சிலிகான் பிரேக் கிரீஸ் மெல்லிசா தடவுங்க. சாதா மஞ்சள் கிரீஸ் வேணாம், ரப்பர் ஊதி திரும்ப இறுகும். சில வண்டியில பின்னுக்கு கிரீஸே போடக்கூடாதுன்னு இருக்கும், மேனுவல் பாருங்க. பேட் உட்கார்ற காடியை கம்பி பிரஷ்ல தேய்ச்சு பளபளன்னு ஆக்கணும், பேடை விரல்ல தள்ளினா வழுக்கிட்டு போகணும். தூசியை ஏர் அடிச்சு ஊதாதீங்க, மூச்சுல போகும், பிரேக் கிளீனர் ஸ்பிரே அடிச்சு துடைங்க. லைட் வந்திருந்தா சென்சார் அறுந்திருக்கும், அதையும் புதுசு போடணும், பிஎம்டபிள்யூ மாதிரி வண்டியில பழைய சென்சாரோட ரீசெட் பண்ணப் பார்த்தா ஏத்துக்காது. சக்கர போல்ட்டை மேனுவல்ல சொன்ன டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முறுக்கிட்டு, வண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகுற வரைக்கும் மிதிச்சுக்கிட்டே இருங்க. இதை மறந்துட்டா முதல் மிதி நேரா தரைக்குப் போகும்.

பேட் எது வாங்குறதுன்னு நிறைய பேர் கேக்குறாங்க. ரேஸ் ட்ராக்குக்குன்னு வர்ற பேட் வேணாம், அது சூடு ஏறினா தான் பிடிக்கும், காலையில குளிர்ல மேல இருந்து கிளம்புற முதல் வளைவுல அது உங்களுக்கு உதவாது. கம்பெனி பேடோ அதே தரத்துல இருக்குற ரோடு பேடோ போதும்.

போட்டதும் புது பேடை டிஸ்க்கோட செட் பண்ணணும். விடியக்காலையில ஓமலூர் பக்கம் காலியா இருக்குற ஒரு நேர் ரோட்டுல, பின்னாடி யாரும் வரலன்னு பார்த்துட்டு, 60 வேகத்துல இருந்து 10 வரைக்கும் மிதமா பிரேக் பிடிச்சு, முழுசா நிறுத்தாம திரும்ப வேகம் எடுத்து, இப்படி ஒரு எட்டு பத்து தடவை. அப்புறம் பிரேக்கைத் தொடாம ஒரு பத்து நிமிஷம் ஓட்டி ஆற விடுங்க. பேட் கம்பெனி வேற முறை சொல்லியிருந்தா அதையே செய்யுங்க. முதல் சில நாள் மலைக்கு வேணாம்.

அஞ்சாவது, மலையை இறக்குறது

ஏற்காடு கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,500 மீட்டர், சேலம் 300க்கும் கீழ. 1,500 கிலோ வண்டி 1,000 மீட்டர் இறங்கினாலே கழிக்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 4 யூனிட் கரண்ட், அதாவது 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் 4 மணி நேரம் விடாம சூடானா எவ்வளவோ அவ்வளவு, அதை முக்கால் மணி நேரத்துல எங்கேயாவது தள்ளணும். டி ல போட்டு பிரேக்லயே கால் வச்சு இறக்குனா பெரும்பகுதி அந்த நாலு டிஸ்க்குக்குத் தான் போகும்.

அதனால எந்த கியர்ல ஏறுமோ அந்த கியர்ல இறக்குங்க, ஆட்டோமேட்டிக்னா மேனுவல் மோடுல ரெண்டாவது கியர். இன்ஜின் 3,500, 4,000 ஆர்பிஎம்னு கத்தினா பயப்படாதீங்க, அதுக்கு ஒண்ணும் ஆகாது. வளைவுக்கு முன்னாடி நேரா இருக்குற இடத்துலயே நல்லா அழுத்தி வேகத்தைக் குறைச்சு, முழுசா விட்டுடுங்க. லேசா மிதிச்சுக்கிட்டே வர்றது தான் பேடுக்கு எமன், டிஸ்க் ஆற நேரமே கிடைக்காது. ஏறுற வண்டிக்குத் தான் வழி விடணும், பஸ் வளைவுல முழு ரோட்டையும் எடுக்கும், அதையும் கணக்குல வச்சு முன்கூட்டியே வேகத்தைக் குறைங்க. கோடை விழா சமயத்துல வரிசையா நின்னு நின்னு இறங்குறப்ப முன்னாடி வண்டிக்கு நல்ல இடம் விட்டா இந்த மிதிச்சு மிதிச்சு விடுற வேலையே பாதியா குறையும். குப்பனூர் வழியா இறங்குறவங்களும் இதே முறை தான்.

கருகின வாசனை வந்தா அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி அரை மணி நேரம் ஆற விடுங்க, தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் விரிசல் விடும். பெடல் கல்லு மாதிரி இருந்தும் வண்டி நிக்கலன்னா பேட் சூடாயிடுச்சு. பெடல் பஞ்சு மாதிரி உள்ள போனா ஆயில் கொதிச்சிருக்கு, இது ரொம்ப ஆபத்து: பெடலை வேகமா பம்ப் பண்ணுங்க, கியரை ஒவ்வொண்ணா இறக்குங்க, ஹேண்ட்பிரேக்கை மெல்ல மெல்ல இழுங்க, எலக்ட்ரிக்னா பட்டனை விடாம பிடிங்க, வேற வழியே இல்லன்னா மலைப்பக்கம் ஒட்டி உரசி நிறுத்துங்க, பள்ளப்பக்கம் போகவே கூடாது. இதை வண்டியில கூட வர்றவங்களுக்கும் ஒரு தடவை சொல்லி வையுங்க.

அடிவாரம் வந்ததும் உடனே டீக்கடையில நிறுத்தி ஹேண்ட்பிரேக் போடாதீங்க, கோரிமேடு வரைக்கும் பிரேக்கை அதிகம் தொடாம உருட்டிட்டு வந்தா டிஸ்க் ஆறிடும். வந்து இறங்கினதும் நாலு ரிம் பக்கத்துலயும் கையை வச்சுப் பாருங்க, தொடாம கிட்டக்க மட்டும். ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா அந்த காலிப்பர் விடலைன்னு லைட் வர்றதுக்கு பல மாசம் முன்னாடியே தெரிஞ்சுரும்.

நான் கிளவ் பாக்ஸ்ல ஒரு நோட்டு வச்சிருக்கேன், 5,000 கி.மீ.க்கு ஒரு தடவை எட்டு பேடோட அளவையும் எழுதுவேன். பின்னும் பூட்டும் மாத்தி இப்போ 14,000 கி.மீ. ஆச்சு, அதே மலை, அதே வாரா வாரம். கடைசியா எழுதினது: பின்னாடி வலது, உள்பக்கம் 6, வெளிப்பக்கம் 6½.